மூச்சுக் குழலும் முருங்கைக் கீரையும்

பெரியநாயக்கன்பாளையத்தின் வழியாக மேட்டுப்பாளையம் செல்லும் சாலையில் பயணம் செய்திருக்கிறீர்களா? நீலமலை சுவர்போல் எழுந்து நிற்பதைக் கண்டிருப்பீர்கள். அம்மலையின் மீதுள்ள குன்னூரில், பாஸ்டர் நிலையத்தின் ஓர் அறையில், 1918ஆம் ஆண்டு ராபர்ட் மெக்காரிசன் என்னும் மருத்துவர் உணவாராய்ச்சியைத் தொடங்கினார். அந்த ஆய்வுக்கூடமே 1958இல் ஐதராபாத்துக்கு மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது.

மெக்காரிசன் எலிகளைக் கூட்டங்களாகப் பிரித்து, வெவ்வேறு மக்களின் உணவை அவற்றுக்கு அளித்தார். சப்பாத்தி, பால், வெண்ணெய், பருப்பு, பச்சைக் காய்கறி உண்ட எலிகள் நலமாக வாழ்ந்தன. வெள்ளை ரொட்டி, மார்கரின், இனிப்புத் தேநீர், டப்பா இறைச்சி ஆகியவற்றை உண்ட எலிகளோ வளர்ச்சி குன்றின. நுரையீரல் நோய்களும் குடல் நோய்களும் அவற்றை வாட்டின.

உணவில் குறைந்தவை பல. அவற்றுள் வைட்டமின் ஏ ஒன்று மட்டும் குறைந்தால் நுரையீரலுக்கு என்ன நேரும்? இவ்வினாவுக்கு 1925இல் அமெரிக்க அறிஞர்கள் வோல்பாக்கும் ஹோவும் விடை கண்டனர்.

நம் மூச்சுக் குழலின் உட்புறத்தை ஒரு மெல்லிய படலம் மூடியுள்ளது. அதிலுள்ள சில செல்கள் சளியைச் சுரக்கும். தூசியும் கிருமியும் அதில் ஒட்டிக்கொள்ளும். வேறு சில செல்களின் நுண்மயிர்கள் ஓயாமல் அசைந்து, அச்சளியைத் தொண்டையை நோக்கித் தள்ளும். வைட்டமின் ஏ கிடைக்காத எலிகளில் இச்செல்கள் மறைந்து, தோலைப்போல் தட்டையான, காய்ந்த செல்கள் அவ்விடத்தைப் பிடித்திருந்தன. பெருக்குவார் இல்லாத வீட்டில் குப்பை சேர்வதுபோலக் கிருமிகள் தங்கிவிடும் அல்லவா? ஆயினும் வைட்டமினைத் திரும்பக் கொடுத்தால் படலம் சீரடைவதை 1933இல் அவ்விருவரே காட்டினர்.

குழந்தைகளின் பார்வையைக் காக்க, 1970இல் இந்திய அரசு வைட்டமின் ஏ வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. கண்ணுக்கு மட்டுமா இது பயன்படும்? திருச்சி மாவட்டத்தில் 15,419 குழந்தைகளிடம் நடந்த ஆய்வின் முடிவு 1990இல் வெளிவந்தது. வாரந்தோறும் சிறிதளவு வைட்டமின் ஏ பெற்ற குழந்தைகளிடையே இறப்பு 54 விழுக்காடு குறைந்திருந்தது. ஆனால் இருமல், சளி போன்ற மூச்சுத் தொல்லைகள் வருவது குறையவில்லை என்று 1991இல் அதே ஆய்வுக் குழுவினர் அறிவித்தனர். எலியின் திசுவில் தெளிவாகத் தெரிந்தது, குழந்தையின் வாழ்வில் அவ்வளவு எளிதாக வெளிப்படுவதில்லை. நோய் வருவது ஒன்று; அதைத் தாங்கிப் பிழைப்பது வேறொன்று.

அப்படியானால் மாத்திரைகளை அள்ளி விழுங்கலாமா? கூடாது. பின்லாந்தில் 29,133 புகைபிடிக்கும் ஆண்களிடம் செய்த ஆய்வு 1994இல் ஓர் எச்சரிக்கை தந்தது: பீட்டா கரோட்டின் மாத்திரை உண்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 விழுக்காடு கூடியிருந்தது! வைட்டமின் ஏ அளவு மீறினாலும் நஞ்சாகும்.

கொங்கு நாட்டு வீடுகளின் கொல்லையில் நிற்கும் முருங்கையையும் பப்பாளியையும் பாருங்கள். அவற்றிலுள்ள கரோட்டினை நம் உடல் வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்கிறது. கீரையைச் சிறிது எண்ணெய் விட்டுச் சமைத்தால் அது உடலில் நன்கு சேரும். அடுத்தமுறை குழந்தை கீரையை ஒதுக்கினால், அதன் மூச்சுக் குழலுக்குள் ஓயாது உழைக்கும் அந்த நுண்மயிர்களை நினைத்துக்கொள்ளுங்கள்.