பிரித்துக் கூட்டும் கருவிகள்



மோட்டார் சைக்கிள் இயந்திரத்துள் மேலுங் கீழுமாக ஓடும் பிஸ்டனின் அசைவைச் சுழற்சியாக மாற்றுவது கிராங்குத் தண்டு. அத்தண்டினைப் பிரித்து மீளப் பொருத்தும் கருவிகளின் பின்னே நெடியதொரு வரலாறு உண்டு.

கிராங்கு பழமையானது. துருக்கியிலுள்ள ஹியராபொலிஸில் கிடைத்த கி.பி. 3 ஆம் நூற்றாண்டுக் கல்லறைச் சிற்பமொன்று, நீராற்றலால் கல்லறுக்கும் வாள்களை அது இயக்குவதைக் காட்டுகின்றது. 1206 இல் அல் ஜஸரி எழுதி முடித்த நூலிலும் அது இடம்பெறுகின்றது. அவ்வாறிருந்தும், இங்கிலாந்தில் 1780 இல் ஜேம்ஸ் பிக்கார்ட் என்பவர் நீராவி இயந்திரத்தில் கிராங்கைப் பயன்படுத்தக் காப்புரிமை பெற்றார். ஆகவே, ஜேம்ஸ் வாட் 1781 இல் பற்சக்கரங்களைக் கொண்டு வேறு வழி காண நேர்ந்தது. பலருக்கும் உரிய அறிவு ஒருவர் கைக்குள் அடங்கினால் வரும் இடர்ப்பாட்டுக்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

1885 இல் ஜெர்மனியில் டைம்லரும் மைபாக்கும் பெற்றோலால் ஓடும் இருசக்கர வண்டியை அமைத்தனர். பின்னர் எழுந்த மோட்டார் சைக்கிள்கள் பலவற்றில் கிராங்குத் தண்டு பல துண்டுகளாலேயே ஆக்கப்பட்டது. காரணம் யாது? சிற்றுருளைகள் கொண்ட தாங்கிக்குச் சிறிதளவு எண்ணெயே போதும். பெற்றோலுடன் எண்ணெய் கலந்து ஓடும் இயந்திரங்களுக்கு அது மிகப் பொருத்தமானது. ஆனால், பிளவற்ற இணைப்புக்கோலை அத்தாங்கியுடன் ஏற்றுவதற்குத் தண்டு பிரிந்து நிற்றல் வேண்டும்.

பழைய பிரித்தானிய இயந்திரங்கள் பலவற்றில் இரு சுழல்தட்டுகளை இணைக்கும் முளை சுரைகளால் இறுக்கப்பட்டது. பிறவற்றில் முளை துளையினும் சற்றே பருத்தது, பேரழுத்தத்தாலேயே உட்புகும். அவ்வழுத்தத்தைத் தருவது நீரழுத்த இயந்திரம். பூட்டுச் செய்வதிற் புகழ்பெற்ற ஜோசப் பிராமா 1795 இல் அதற்குக் காப்புரிமை பெற்றார்.

பிரிக்குமுன் இரு தட்டுகளின் விளிம்பிலும் குறுக்கே கோடிடுவர். தட்டைத் தாங்குபலகைமேல் இருத்தி, முளையை அழுத்தி வெளியேற்றுவர். புதிய முளையும் தாங்கியும் கோலும் பொருத்திய பின்னரே நுண்பணி தொடங்கும். இரு கூர்முனைகளுக்கிடையே தண்டைச் சுழலவிட்டு, முள்ளோடிய அளவுமானியால் அதன் கோணலை அறிவர். மில்லிமீற்றரின் நூறிலொரு பங்கும் அங்கே கணக்கிற்குரியது. தட்டு திரும்பியிருப்பின் செம்புச் சுத்தியலால் தட்டுவர்; ஒடுங்கியிருப்பின் ஆப்பிறக்கி விரிப்பர்; விரிந்திருப்பின் பிடிகருவியால் நெருக்குவர்.

1969 இல் வெளிவந்த ஹொண்டா சி.பி. 750 வண்டியின் தண்டு ஒரே துண்டாக அமைந்தது. அத்தகைய தண்டில் முளையை மாத்திரம் மாற்ற முடியாது. பிரிக்கத்தக்க தண்டோ, தேய்ந்த சிறு உறுப்பொன்றை மாற்றியதும் மறுவாழ்வு பெறும்.

ஆயினும் அழுத்தியும் அளவுமானியும் தாமாக இயங்கா. எவ்விடத்தில், எவ்வளவு வலுவுடன் தட்டுவது என்பதைக் கைத்தொழிலாளர் ஒருவர் அருகிலிருந்து மற்றவருக்குக் கற்பித்தாலன்றி அவ்வறிவு நிலைக்காது. நம் மாணவர் ஏட்டுக் கல்வியோடு அக்கல்வியையும் மதித்துப் பயிலல் வேண்டும். பழுதுபார்க்க அறியாத சமுதாயம் பழுதானவற்றை எறியவும், புதியவற்றுக்குப் பிறர் கையை எதிர்பார்க்கவுமே பழகிவிடும்.