ஃபைட்டருக்கு முதலாளி யார்?

செங்கல்பட்டிலிருந்து கருங்குழியை ஒட்டி மதுராந்தகம் போகும் ஜி.எஸ்.டி. சாலையும், கோவளம் வழியாக மாமல்லபுரம் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையும் தமிழ் சினிமாவுக்குப் பழகிய வெளி. கோடம்பாக்கத்தில் கிடைக்காத இடம் இந்தப் பக்கம் கிடைக்கும். பெரிய செட் போடலாம், கிரேன் நிறுத்தலாம், காரைக் கவிழ்க்கலாம். 2022 டிசம்பரில் வண்டலூருக்கு அருகே ஊனமாஞ்சேரியில் ‘விடுதலை’ படத்தின் சண்டைக் காட்சி எடுக்கும்போது, கயிறு அறுந்து சுமார் 20 அடி உயரத்திலிருந்து விழுந்த ஸ்டண்ட் கலைஞர் ஒருவர் இறந்துபோனார். இப்படி ஒரு சாவு நடந்தால் நாலு நாள் பேச்சு முழுக்கக் கயிற்றைப் பற்றியே இருக்கும்: தரமானதா, சரியாகக் கட்டினார்களா, கீழே மெத்தை இருந்ததா என்று. தேவையான கேள்விகள்தான். ஆனால் இந்தத் தொழில் வந்த வழியைப் பார்த்தால் அதற்கு முந்தைய கேள்வி ஒன்று இருக்கிறது. கயிற்றில் தொங்கும் ஆளுக்கு முதலாளி யார்? எழுபது ஆண்டுகளில் கருவிகள் எவ்வளவோ மாறிவிட்டன. இந்தக் கேள்விக்கான பதில் மட்டும் வரவர மங்கிக்கொண்டே வந்திருக்கிறது.

ஸ்டூடியோக் காலத்தில் பதில் தெளிவாக இருந்தது. டி.ஆர். சுந்தரம் சேலத்தில் நடத்திய மாடர்ன் தியேட்டர்ஸ் ஒரு மில்லைப் போல இயங்கியது. நடிகர், எழுத்தாளர், தொழில்நுட்பக்காரர் என்று பலரும் மாதச் சம்பளத்தில் இருந்தார்கள். பின்னாளில் சண்டைப் பயிற்சியாளராகப் பெரும்பெயர் எடுத்த ஜூடோ ரத்தினம் அந்தப் பொறுப்பை முதலில் ஏற்ற ‘வல்லவன் ஒருவன்’ (1966) அந்த நிறுவனத்தின் படம்தான். கம்பெனி கருணையோடு நடந்துகொண்டது என்று நான் சொல்லவரவில்லை. அன்றைய ஃபைட்டருக்கு இன்றுள்ள மெத்தையோ இடுப்புப் பட்டையோ இல்லை. உடம்புக்கு அது இன்னும் ஆபத்தான காலம். ஆனால் கை உடைந்தால் எந்த வாசலில் போய் நிற்பது என்பதில் குழப்பம் இல்லை. சம்பளம் கொடுக்கும் அலுவலகமும் படம் எடுக்கும் தளமும் ஒரே மதிலுக்குள் இருந்தன.

ஸ்டூடியோக்களின் பிடி தளர்ந்தபோது அந்த இடத்துக்கு நட்சத்திரம் வந்தார். எம்.ஜி.ஆர். தனக்கென்று ஒரு சண்டைக் குழுவை வைத்திருந்தார். அவருக்கு டூப்பாகவும் மெய்க்காவலராகவும் இருந்த கே.பி. ராமகிருஷ்ணனைப் போன்றவர்களுக்கு அந்த நிழல் பெரிய ஆதரவு. ஆனால் ஆதரவு வேறு, உரிமை வேறு. ஒருவரின் மனசை நம்பிக் கிடைப்பதைக் கேட்டு வாங்க முடியாது. இந்த ஏற்றத்தாழ்வு பதிவுகளிலும் தெரிகிறது. 1959 ஜூனில் சீர்காழியில் ‘இன்பக்கனவு’ நாடகத்தில் குண்டுமணியைத் தூக்கும்போது எம்.ஜி.ஆரின் கால் முறிந்தது. ஊர், நாடகம், உடன் நடித்தவர் பெயர் எல்லாம் இன்றுவரை சொல்லப்படுகிறது. அதே ஆண்டுகளில் ஃபைட்டர்கள் முறித்துக்கொண்ட எலும்புகளுக்கு அப்படி ஒரு வரலாறு எழுதப்படவே இல்லை.

மூன்றாவதாக வந்தது சங்கம். 2017இல் பொன்விழா கொண்டாடிய ஸ்டண்ட் கலைஞர் சங்கம் சாதித்தது கொஞ்சநஞ்சமல்ல. கூலியை நிர்ணயித்தது, கார்டு இல்லாதவரை வைத்து வேலை வாங்குவதைத் தடுத்தது, அடிபட்டவருக்காகப் பேசியது. ஆனாலும் சங்கம் முதலாளி ஆகிவிட முடியாது. தயாரிப்பாளர் மாஸ்டரிடம் சொல்கிறார், மாஸ்டர் ஆட்களை அழைக்கிறார், கால்ஷீட் முடிந்ததும் பேட்டாவோடு உறவும் முடிகிறது. படத்துக்கென்றே தொடங்கிய கம்பெனியாக இருந்தால் படம் வெளியான பிறகு அதன் அலுவலகத்தைத் தேடுவதே தனி வேலை.

இது வெட்டவெளிப் படப்பிடிப்பின் கோளாறு, மதிலுக்குள் வேலை செய்தால் சரியாகிவிடும் என்று ஒருவர் வாதிடலாம். 2024 ஜூலையில் ‘சர்தார் 2’ படத்துக்காக ஒரு ஸ்டண்ட் கலைஞர் விழுந்து இறந்தது சாலிகிராமம் பிரசாத் ஸ்டூடியோவில். அங்கும் உயரம் ஏறத்தாழ 20 அடிதான். மதில் அப்படியே இருக்கிறது, உள்ளே இருந்த முதலாளி போய்விட்டார். ஸ்டூடியோ இன்று வாடகைக்குக் கிடைக்கும் தளம். தெரிந்துதானே வருகிறார்கள், ஆபத்துக்கும் சேர்த்துத்தானே கூலி என்பது இன்னொரு வாதம். தெரிந்துதான் வருகிறார்கள். பட்டாசுத் தொழிலாளிக்கும் மருந்து வெடிக்கும் என்று தெரியும். அதனால் ஆலை முதலாளியின் பொறுப்பு நீங்கிவிட்டதாக யாரும் சொல்வதில்லை.

இன்னும் வலுவான மறுப்பு ஒன்று உண்டு. 2025 ஜூலை 13 அன்று நாகப்பட்டினம் மாவட்டத்தில் ‘வேட்டுவம்’ படத்துக்காகக் காரைக் கவிழ்க்கும் காட்சியில் காஞ்சிபுரம் பகுதியைச் சேர்ந்த மோகன்ராஜ் உயிரிழந்தார். நீண்ட அனுபவம் உள்ளவர். முன்னேற்பாடுகளோடுதான் காட்சியை எடுத்ததாகப் படக்குழு சொன்னது. அப்படியே வைத்துக்கொள்வோம். எல்லாம் சரியாகச் செய்தும் விபத்து நடக்கும் தொழில் என்றால், விபத்துக்குப் பிறகு யார் பொறுப்பு என்பதை முன்கூட்டியே எழுதிவைப்பது இன்னும் அவசியம் ஆகிறது. அந்தச் சாவுக்குப் பிறகு வந்த பெரிய செய்தி, நடிகர் அக்ஷய் குமார் சுமார் 650 ஸ்டண்ட் கலைஞர்களுக்குக் காப்பீடு எடுத்துக் கொடுத்தார் என்பது. நல்ல காரியம், பாராட்டத்தான் வேண்டும். ஆனால் எம்.ஜி.ஆர். காலத்து நிழலையே நாம் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம் என்பதற்கும் அதுவே சான்று.

சட்டம் இல்லாமல் இல்லை. 1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணை, திரைப்படத் தயாரிப்பில் வேலை செய்பவரையும் தொழிலாளியாகக் கொண்டது. எழுத்து ஒப்பந்தம் இல்லாமல் சினிமாத் தொழிலாளியை வேலைக்கு வைக்கக் கூடாது என்றது 1981ஆம் ஆண்டுச் சட்டம். 2020இல் நிறைவேறிய பணியிடப் பாதுகாப்புத் தொகுப்பு, ஸ்டண்ட் கலைஞரைப் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. ஒரு நாள் கால்ஷீட்டுக்கெல்லாம் ஒப்பந்தம் எழுதினால் சின்னப் படங்கள் தாங்காது என்பார்கள். கேமராவும் கிரேனும் வாடகைக்கு எடுக்கும்போது கணக்கும் ரசீதும் எழுத முடிகிறதே. மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலில் படம் எடுக்கத் தொல்லியல் துறைக்கு விண்ணப்பம் எழுதி, கட்டணம் கட்டி, நிபந்தனைகளுக்குச் சம்மதித்த பிறகே அனுமதி கிடைக்கும். அந்த நடைமுறையைக் கொஞ்சம் நீட்டலாம். செங்கல்பட்டு மாவட்டத்தில் எந்தப் படப்பிடிப்புக்கும் அனுமதி கேட்கும்போது, அன்று உயரத்திலிருந்து குதிக்கப்போகிறவரின் ஒப்பந்தத்தையும் காப்பீட்டையும் விண்ணப்பத்தோடு இணைக்கச் சொல்லலாம். ஒப்பந்தத்தில் முதலாளி என்ற இடத்தில் ஒரு பெயர் எழுதியாக வேண்டும்.