தலைவி தேர்ந்த வழி: குறிஞ்சிப்பாட்டில் தோழி உரை குறித்து ஒரு மறுவாசிப்பு

அகப்பாடல் தலைவி தன் காதலைத் தாயிடம் தானே சொல்வதில்லை. தோழியிடம் சொல்கிறாள். தோழி செவிலிக்கும், செவிலி நற்றாய்க்கும், நற்றாய் தந்தைக்கும் தமையன்மாருக்கும் சொல்கிறார்கள். அறத்தொடு நிற்றல் என்னும் இந்த அடைவைத் தலைவியின் பேச்சின்மைக்குச் சான்றாகக் கொள்ளும் ஒரு போக்கு நெடுநாளாக நிலைபெற்றிருக்கிறது. நாணமும் மடனும் வாயைக் கட்டிவிட்ட இளம்பெண்ணுக்காக இன்னொருத்தி பேசுகிறாள், ஆகவே நாம் கேட்பது தலைவியின் குரலே அன்று என்பது அதன் சாரம். பெண்குரல் மறுக்கப்பட்டதைச் சுட்ட வந்த ஆய்வுகளும் பெண்ணின் அடக்கத்தைப் போற்ற வந்த பழைய விளக்கங்களும் இந்த ஓரிடத்தில் கைகோத்துக்கொள்கின்றன. முடிவில் வேறுபடுகின்றனவே தவிர, தலைவியால் பேச இயலவில்லை என்ற அடிப்படையை இரண்டுமே ஐயுறவில்லை.

அந்த அடிப்படையைத்தான் இக்கட்டுரை ஐயுறுகிறது. தோழி செவிலியிடம் பேசுவதாகக் கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டின் முதல் 34 அடிகளை அவற்றைத் தொடரும் நிகழ்ச்சிகளோடு இணைத்துப் படித்தால், தலைவி பேச இயலாதவளாகத் தெரியவில்லை. யாரிடம் எதை எவர் வாயிலாகச் சொல்வது என்று தீர்மானிப்பவளாகவே தெரிகிறாள். அவள் கையில் எல்லா வழிகளும் இருந்தன என்று நான் சொல்லவில்லை. இருந்தவற்றுள் ஒன்றை அவள் தேர்ந்தாள் என்பதற்குப் பாட்டுக்குள்ளேயே சான்று உண்டு என்கிறேன்.

சிக்கல் 11, 12ஆம் அடிகளில் தொடங்குகிறது. தலைவியின் அழகு கெட்டது, தோள் மெலிந்தது, வளை கழன்றதைப் பிறரும் அறிந்தனர், அவளோ துயரத்தை உள்ளுக்குள்ளேயே மறைத்து வைத்திருந்தாள், நான்தான் நெருக்கிக் கேட்டேன் என்று செவிலியிடம் தோழி சொல்கிறாள். தலைவி தன் தோழிக்குக்கூட வாய் திறக்கவில்லை, வற்புறுத்தியபின்தான் பேசினாள் என்று இவ்வடிகளுக்குப் பொருள் கொள்வது வழக்கம். பேச்சின்மை வாதத்துக்கு இதைவிட வலுவான சான்று இல்லை.

ஆனால் 35ஆம் அடிக்குப் பின் நிகழ்வதைப் பார்க்க வேண்டும். தினைப்புனம் காக்கச் சென்றவர்கள் இருவர். அருவியாடியவர்கள் இருவர். பூக்களைக் குவித்துவைத்து, தழை தொடுத்து உடுத்து, அசோகின் நிழலில் அமர்ந்தவர்களும் அவர்களே. வேட்டைக்கு வந்த இளைஞன் ஒருவனின் நாய்கள் சூழ்ந்தபோது நடுங்கியதும், மதயானை வந்தபோது அந்த இளைஞனிடம் அடைக்கலமாக ஓடியதும் இருவரும் சேர்ந்துதான். வெள்ளத்திலிருந்து தலைவியை அணைத்துக் காத்தவன், அஞ்சாதே என்று அவள் நெற்றியை நீவிவிட்டு, தோழியின் முகத்தைப் பார்த்துச் சிரிக்கிறான். சிரிப்பைப் பெற்றவளே அதைச் செவிலியிடம் எடுத்துச் சொல்கிறாள். அவன் மலையுறை கடவுளை வாழ்த்திச் சூளுரைத்ததையும், மாலையில் ஊர்த்துறை வரை கொண்டுவந்து விட்டதையும், அன்று முதல் இரவுதோறும் வந்துபோவதையும் அறிந்தவள் அவள்.

அப்படியானால் தோழி நெருக்கிக் கேட்டது எதை? நடந்ததை அவள் கேட்டறிய வேண்டியதில்லை. யார் அவன், எங்கே சந்தித்தார்கள், என்ன வாக்களித்தான் என்பவை எல்லாம் அவள் கண்முன் நிகழ்ந்தவை. அவளுக்குத் தெரியாமல் இருக்கக்கூடியது ஒன்றே: இதை வீட்டாருக்குச் சொல்லலாமா, கூடாதா? தலைவி உள்ளே மறைத்திருந்தது காதல் என்னும் செய்தியை அன்று, அச்செய்தியை வெளியிடுவது பற்றிய தன் முடிவை என்பதே என் வாசிப்பு.

13 முதல் 24 வரையுள்ள அடிகளில் அமைந்த தலைவியின் கூற்று இதற்குப் பொருத்தமாகவே இருக்கிறது. 261 அடிகளில் தலைவியின் சொற்களாகத் தோழி தருபவை இந்த 12 அடிகள்தாம். காதல் அறிவிப்பு எதுவும் அவற்றில் இல்லை. அவனைப் பற்றி ஒரு வருணனையும் இல்லை. இருப்பது ஒரு வாதம். முத்தும் மணியும் பொன்னும் கொண்டு செய்த அணி கெட்டால் சீர்செய்துகொள்ளலாம். பண்பும் உயர்வும் ஒழுக்கமும் குன்றினால் பழைய புகழை மீட்பது குற்றமற்ற அறிவினருக்கும் எளிதன்று. இது அவளது முதற்படி. மடன் நீங்க, தந்தையின் கடுங்காவலைக் கடந்து, நாமே ஆய்ந்து கொண்ட மணம் இது என்று வீட்டாருக்குத் தெரிவித்தால் அதில் பழி உண்டா என்று அடுத்துக் கேட்கிறாள். அவர்கள் இணங்காவிட்டால் மறுமையிலேனும் அது நமக்குக் கைகூடும் என்று முடிக்கிறாள். முதலில் நியாயம், பிறகு தெரிவிக்கலாம் என்ற முடிவு, அதன்பின் மறுக்கப்பட்டால் ஏற்கத் துணிந்த விளைவு. தெரிவிப்பது என்னும் செயலை முன்மொழிபவள் தலைவிதான். தோழி செவிலிமுன் நிற்பது அந்த முன்மொழிவின்மேல்தான்.

மடன் நீங்க என்று தலைவியே சொல்வதும் கவனத்துக்குரியது. வாயைக் கட்டியதாக நாம் கருதும் குணங்களுள் ஒன்று விலகிவிட்டது என்பதை அவளே அறிவிக்கிறாள். விலகிய பின்னும் அவள் செவிலியிடம் நேரே போகவில்லை. ஆகவே தோழி வாயிலாகச் சொல்வதற்கு மடன் மட்டும் காரணமாக இருக்க முடியாது.

இங்கே ஒரு மறுப்பு எழும். அது சிறிய மறுப்பன்று. அந்த 12 அடிகளும் தோழி வாய்ச்சொல்லாகவே நமக்கு வருகின்றன. செவிலியை இணங்கவைக்க அவள் தலைவியின் பெயரால் ஒரு கூற்றைப் புனைந்திருக்கலாம். உண்மையில் தலைவி அழுதாள் என்பதைத் தவிர நமக்கு ஒன்றும் உறுதியில்லை. இதை மறுக்க என்னிடம் புறச்சான்று இல்லை. இருக்கவும் முடியாது. ஆனால் புனைவு என்றே வைத்துக்கொள்வோம். தன் பேச்சு எடுபட வேண்டும் என்று கருதும் ஒருத்தி, தலைவி தீர்மானித்தாள் என்று புனைந்தால் செவிலி இணங்குவாள் என எதிர்பார்க்கிறாள். ஒன்றும் அறியாத பேதை, நான்தான் சொல்ல வந்தேன் என்று புனைவது எளிது, தலைவிக்குப் பாதுகாப்பும்கூட. அதை அவள் செய்யவில்லை. தாமே துணிந்து செய்த செயல் என்று 32ஆம் அடியில் தன்னையும் சேர்த்தே சொல்கிறாள். கூற்று உண்மையானாலும் புனைவானாலும், தீர்மானம் பெண்ணுடையது என்பது கேட்பவளுக்கு நம்பத்தக்கதாக இருந்தது என்ற அளவில் முடிவு மாறவில்லை.

தோழி தன் நிலையை எவ்வாறு விளக்குகிறாள் என்பது அடுத்த சான்று. பகைத்து நிற்கும் இரு பெருவேந்தர்க்கு இடையே நின்று சந்து செய்விக்கும் சான்றோரைப் போல, இரண்டு பேரச்சங்களோடு நிற்கிறேன் என்கிறாள். ஒன்று செவிலியின் சினம், மற்றொன்று தலைவியின் துன்பம் என்று கொள்வதே இடத்துக்குப் பொருந்தும். உவமையின் அளவைப் பார்க்க வேண்டும். இரு பக்கமும் வேந்தர்கள். ஒரு பக்கம் அரசும் மறுபக்கம் குடியும் அன்று. குரலற்ற ஒருத்திக்காகப் பேச வந்தவள் இந்த உவமையைத் தேட மாட்டாள். சமவலிமை உள்ள இரு தரப்புகளுக்கு இடையே நிற்பதாகவே தோழி தன்னை உணர்கிறாள். அவற்றுள் ஒரு தரப்பு அவளோடு தினைக்காவலுக்குப் போன அந்தப் பெண்.

இந்தப் பெண்ணின் வயதைப் பற்றி ஒரு சொல். இறையனார் களவியல் உரை தலைவிக்கு 12, தலைவனுக்கு 16 என வகுக்கிறது. அது இலக்கண ஒழுங்குக்காக வகுத்த எண். ஊர்ப் பெண்களின் வயதுக் கணக்கன்று. ஆயினும் பதின்பருவத்துப் பெண் ஒருத்தியைத்தான் மரபு மனத்தில் கொண்டிருந்தது என்பதற்கு அது போதும்.

தேர்ந்த வழி ஏன் தோழியாக இருக்க வேண்டும்? தோழி என்பவள் செவிலியின் மகள் என்று தொல்காப்பியக் களவியல் வரையறுப்பதை எல்லோரும் அறிவோம். அதன் விளைவைத்தான் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை. தலைவியிடமிருந்து தோழிக்கு என்பது ஒத்த வயதினர் பேச்சு. தோழியிடமிருந்து செவிலிக்கு என்பது மகள் தன் தாயிடம் பேசுவது. செவிலியிடமிருந்து நற்றாய்க்கு என்பது பிள்ளையைச் சேர்ந்து வளர்த்த இரு பெண்களின் பேச்சு. நற்றாயிடமிருந்து தந்தைக்கு என்பது மனைவி கணவனிடம் பேசுவது. ஒவ்வொரு கட்டத்திலும் சினத்தைத் தாங்கிக்கொள்ளக் கூடிய நெருக்கமான உறவு ஒன்று இருக்கிறது. தலைவியே நேராகத் தந்தையை அணுகினால் இந்தத் தாங்கல் எதுவும் இல்லை. தந்தையும் தமையன்மாரும் குறிப்பால் உணர்வர் என்று அதே களவியல் கூறுவதையும் இத்தொடரோடு வைத்துப் பார்க்கலாம். அதிகாரம் கூடக் கூடச் சொல் குறைகிறது. தோழியிடம் முழுப் பேச்சு. தந்தையிடம் வெறும் குறிப்பு.

செய்தியை அமைத்திருக்கும் முறையிலும் இதே கணக்கு தெரிகிறது. தினைப்புனத்தில் கிளி ஓட்டிவிட்டுப் பொழுது சாய வாருங்கள் என்று நீதானே அனுப்பினாய் என, செவிலியின் ஆணையையே கதையின் முதற்காரணமாகத் தோழி வைக்கிறாள். அதன்பின் மழை, அருவி, பூக்கள். மரபுவழிக் கணக்கில் 99 பூக்களின் அடுக்கு இது. ஆரிய அரசன் பிரகத்தனுக்குத் தமிழ் அறிவுறுத்தக் கபிலர் பாடியது என்ற பழைய குறிப்பைக் கொண்டு, இப்பகுதியைப் புலமைக் காட்சியாக ஒதுக்குவோர் உண்டு. அக்குறிப்பை ஏற்றுக்கொண்டாலும் பாட்டுக்குள் இதைக் கேட்பவள் செவிலி. அவள் செவிக்கு இந்த அடுக்கு என்ன செய்கிறது? ஆண் ஒருவன் கதைக்குள் நுழைவதற்கு முன் நூறு அடிகளுக்கு மேல் கடந்துவிடுகின்றன. அதுவரை அவள் கேட்பது சிறுமியர் இருவரின் பகற்பொழுது விளையாட்டை. அவன் வந்த பிறகும் யானையும் வெள்ளமும் முன்னே நிற்கின்றன. தொடுதல் காத்தலாகவே நிகழ்கிறது. பின்னர் இரவு வருகையைச் சொல்லும்போது, காவலர் கடுமை, நாயின் குரைப்பு, நிலவின் ஒளி ஆகிய தடைகளின் வரிசையில், நீ விழித்துக்கொண்டாலும் என்று செவிலியையே சேர்த்துவிடுகிறாள். தொடக்கத்தில் அனுப்பிவைத்தவள் முடிவில் தடைகளுள் ஒருத்தி. இவ்வளவு துணிவாகப் பேச மகளுக்குத்தான் முடியும்.

புனைந்தவர் ஆண்புலவர், ஆகவே பெண்கள் பேசிய முறைக்கு இது சான்றாகாது என்ற மறுப்பு என்னை அதிகம் தயங்கவைக்கவில்லை. குறுந்தொகை 23ஆம் பாட்டில், கட்டுவிச்சி குறி பார்க்கும் இடத்தில், தலைவனின் குன்றத்தைப் பாடிய பாட்டையே மீண்டும் பாடு என்று அவளிடம் சொல்லித் தோழி வீட்டாருக்கு உண்மையை உணர்த்துகிறாள். அதைப் பாடியவர் ஔவையார். உத்தி ஒன்றே.

எஞ்சியிருப்பது முக்கியமான கேள்வி. நேரே சொல்லும் ஆற்றல் தலைவிக்கு இருந்தது என்பதற்கு வேறு சான்று உண்டா? ஐங்குறுநூற்றுப் பாலைப் பகுதியில் அடுத்தடுத்து நிற்கும் 384, 385ஆம் பாட்டுகளை இங்கே சேர்க்கிறேன். இரண்டிலும் உடன்போக்கில் சென்ற தலைவி வழியில் எதிர்ப்பட்டவர்களிடம் செய்தி சொல்லியனுப்புகிறாள். 384இல் செய்தி தன் ஆயத்துத் தோழியருக்கு. தாய் விரும்பி வளர்த்த தன் அழகு மேலும் சிறக்கும்படி அரிய வழியைக் கடந்துவிட்டாள் என்று சொல்லுங்கள் என்கிறாள். 385இல் செய்தி தாய்க்கு. கடுங்கண் காளையோடு தேரேறிச் சுரம் பல கடந்தாள் என்று அறமில்லாத அந்தத் தாயிடம் கூறுங்கள் என்கிறாள். தோழியருக்குப் போகும் சொல்லில் தாய் அன்போடு நினைக்கப்படுகிறாள். தாய்க்கே போகும் சொல்லில் கடுமை. அன்பான சொல் தோழியர் வழியாகத் தாயை அடையட்டும் என்பது தலைவியின் எண்ணமாக இருந்திருக்கலாம். இதை ஊகமாகவே வைக்கிறேன். ஐயத்துக்கு இடமில்லாதது, தாய்க்கு நேரே சொல்லும் நா அவளுக்கு உண்டு என்பது. காவலுக்குள் இருந்தபோது அவள் நேரே சொல்லாமல் இருந்தாள் என்றால், சொல்லத் தெரியாமல் அன்று.

இந்தத் தேர்வு தடைகளுக்கு நடுவே நிகழ்ந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. தந்தையின் கடுங்காவல் இல்லையெனில் தோழியின் நெடும்பேச்சுக்குத் தேவையே இருந்திராது. ஆனால் தடை இருந்தது என்பதிலிருந்து குரல் இல்லை என்று முடிவு கட்டுவது தருக்கப் பிழை. சுற்றிச் செல்லும் வழியைக் கண்டறிந்தவளுக்கு வழி தெரியவில்லை என்று நாம் சொல்கிறோம்.

இவ்வாசிப்பு ஏற்கத்தக்கதானால் அறத்தொடு நிற்றல் துறைப் பாடல்களைத் திரும்ப வகைப்படுத்த வேண்டியிருக்கும். தோழி கூற்று என்ற தலைப்பின் கீழ் அவற்றையெல்லாம் ஒரே குவியலாக வைப்பது இனிப் போதாது. தலைவியின் இசைவு பாட்டுக்குள் சொல்லப்படுகிறதா, குறிப்பாக உணர்த்தப்படுகிறதா, அறவே இல்லையா என்று மூன்றாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். மூன்றாம் வகைப் பாடல்களைப் பற்றிப் பேச்சின்மை வாதம் சரியாகவே இருக்கலாம். குறிஞ்சிப்பாட்டு அந்த வகையைச் சேராது.