எண்ணால் அறியப்படும் ஒலி அட்டை

திருகோணமலைத் துறைமுகத்துள் நுழையும் கப்பலின் பெயரும் கொடியும் உரிமையாளர் மாறுந்தோறும் மாறக்கூடும். ஆயினும் சர்வதேசக் கடல்சார் அமைப்பு 1987இல் வகுத்து, 1996இல் பெருங்கப்பல்களுக்குக் கட்டாயமாக்கிய ஏழிலக்க எண் அக்கப்பலின் ஆயுள் முழுவதும் மாறாதது. சீனக்குடாவிலுள்ள பிரீமா மாவாலைக்குக் கோதுமை கொணரும் கப்பலும் அவ்வாறே அறியப்படுகின்றது. ஏறத்தாழ அதே காலப்பகுதியிற் கணினிக்குள்ளும் இத்தகையதொரு மாற்றம் நிகழ்ந்தது. ஒலி அட்டையைக் கண்டறிந்து, அதனை இயங்கச் செய்யும் மென்பொருளாகிய இயக்கியைப் பொருத்தும் கட்டளைக்கோவைகளின் வரலாறு பெரிதும் அம்மாற்றத்தின் வரலாறேயாகும்.

சிங்கப்பூரின் கிறியேற்றிவ் நிறுவனம் 1989இல் வெளியிட்ட சவுண்ட் பிளாஸ்ரர் அட்டைக்குத் தன் பெயரைக் கூறும் ஆற்றல் இருக்கவில்லை. அது பெரும்பாலும் பதினறும எண் 220 என்னும் முகவரியில் அமர்ந்திருக்கும். தேடும் நிரல் 226ஆம் வாயிலில் 1 என எழுதிச் சில மைக்ரோ செக்கன்கள் பொறுத்து 0 என எழுதும். 22ஏ என்னும் வாயிலில் ஏஏ என்ற விடை கிடைப்பின் அட்டை உண்டெனக் கொள்ளும். கிடையாவிடின் 240இல் மீண்டும் தட்டிப்பார்க்கும். இருளில் அயல்வீட்டுக் கதவைத் தட்டுவது போன்ற செயல் இது. அம்முகவரியில் வேறொரு சாதனம் இருந்துவிட்டால், அதற்குப் பொருந்தாத கட்டளை சென்று கணினியே உறைந்துபோதலும் உண்டு. ஆகவே பல மென்பொருள்கள் ஊகத்தைக் கைவிட்டுப் பயனாளரையே வினவின; அவரும் 'ஏ220 ஐ5 டி1' என முகவரி முதலியவற்றைத் தொடக்கக் கோப்பில் எழுதிவைத்தார். ஓரெண் பிழைத்தாலும் ஒலி இல்லை.

1992இல் பிசிஐ இணைப்புமுறை வந்தது. அதில் ஒவ்வொரு சாதனமும் ஆக்கியோன் எண்ணையும் தன் எண்ணையும் தானே அறிவிக்கும். 1102 கிறியேற்றிவைக் குறிக்கும். அதனோடு 0002 சேரின், 1998இல் வந்த சவுண்ட் பிளாஸ்ரர் லைவ். லினக்ஸில் ஒவ்வோர் இயக்கியும் தனக்குரிய எண்களின் பட்டியலைச் சுமந்தே வருகின்றது; கட்டளைக்கோவை இரண்டையும் ஒப்பிட்டால் போதும். சாமர்த்தியம் வேண்டப்படாமையே இங்கு முன்னேற்றம் எனலாம்.

ஆனால் எண் எல்லாவற்றையும் சொல்லிவிடுவதில்லை. 2004இல் இன்ரெல் வகுத்த உயர்தர ஒலிமுறையில் கட்டுப்படுத்தி ஒன்றாயிருப்பினும், ஒலிபெருக்கிக்கும் செவிப்பொறிக்குமான கம்பி இணைப்பை மடிக்கணினி ஆக்குவோர் தத்தம் விருப்பப்படி அமைத்தனர். எண் பொருந்தும், இயக்கி ஏறும், ஒலி மட்டும் எழாது. எனவே செக் நாட்டவரான யாரொஸ்லவ் கிசெலா தொடங்கிய அல்சா இயக்கித்தொகுதியில், கணினி வகைதோறும் விதிவிலக்குகளைக் கூறும் நீண்ட பட்டியல் வளர்ந்தது. அதன் பல வரிகள், ஊமையான மடிக்கணினியொன்றை வைத்திருந்தவர் அதன் எண்ணை ஆக்குநர்க்கு எழுதியனுப்பியதனால் சேர்ந்தவை.