160 எழுத்திலிருந்து எர்ணாவூர் வாளி வரைக்கும்

2002-ல வந்த நோக்கியா 7650 கேமரா வெறும் 0.3 மெகாபிக்சல்தான் மக்களே. அதை வாங்க முடிஞ்சவங்களும் கம்மி. 2004 சுனாமி அப்போ இலங்கையில இருந்து ஒரு பதிவர் எஸ்எம்எஸ் அனுப்ப, இந்தியாவில இருந்த நண்பர்கள் அதை வலைப்பதிவில் ஏற்றினாங்க. ஒரு எஸ்எம்எஸ்ல 160 எழுத்துதான். நம்பினவங்க அந்த வார்த்தையை மட்டும் நம்பினாங்க.

இப்போ நம்ம அத்திப்பட்டு பக்கம் வாங்க. 2017 ஜனவரி 28, காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே ரெண்டு கப்பல் மோதிச்சு. எண்ணெயால சுற்றுச்சூழலுக்குப் பாதிப்பு இல்லைன்னு துறைமுகம் முதல்ல அறிக்கை விட்டது. அப்புறம் எர்ணாவூர் கரையில ஆளுங்க வாளியால கருப்புக் கசடை அள்ளுற படங்கள் ஃபோன் ஃபோனா பரவிச்சு. அறிக்கையை யாரும் மறுத்துப் பேசவே வேண்டியிருக்கல. படமே போதுமா இருந்துச்சு.