நாவும் பேரேடும்: போர்தோ வைன் மதிப்பீட்டின் வரலாறு பற்றிச் சில குறிப்புகள்

சுவை என்பது அவரவர் நாவைப் பொறுத்தது; அதனைப் பற்றி வாதிடுவதிற் பயனில்லை என்றொரு கருத்து நம்மிடையே பரவலாக உண்டு. இலக்கிய இரசனை பற்றிய விவாதங்களிலும் இக்கருத்து அடிக்கடி தலைகாட்டும். ஆயின், சுவை பற்றிய தீர்ப்புகளை வரலாற்று நோக்கில் அணுகும்போது, ஒருவர் ஒன்றனை 'நன்று' எனக் கூறுவதற்கு முன்னரே, எதனை நன்றெனக் கொள்ளவேண்டும் என்பதனைச் சந்தையும் வரியும் போரும் தொழினுட்பமும் பெருமளவுக்குத் தீர்மானித்துவிடுகின்றன என்பது புலனாகின்றது. இதற்குத் தக்கவோர் எடுத்துக்காட்டு, தென்மேற்குப் பிரான்சின் போர்தோப் பிரதேசத்தில் உண்டாகும் சிவப்பு வைன் ஆகும். முதிர்ந்த போர்தோ வைனைச் சுவைத்து மதிப்பிடல் ஒரு நுண்கலையெனப் போற்றப்படுகின்றது. அக்கலையின் தீர்ப்புகளுக்கு ஆதாரமாய் அமைந்தது சுவைஞனின் நாவா, தரகனின் பேரேடா என்பதே இங்கு நாம் எழுப்பும் வினா. இதனை எழுதுபவன் அவ்வைனை ஒரு துளியேனும் அருந்தியவன் அல்லன் என்பதை முதலிலேயே கூறிவிடல் நன்று. அதன் விலையை அறிந்தோர் இதற்குக் காரணம் கேளார்.

முதற்கண் அம்மதிப்பீடு நிகழும் முறையை நோக்குவோம். இருபது முப்பது ஆண்டுகள் நிலவறையிற் கிடையாகக் கிடந்த போத்தலில் மண்டி படிந்திருக்கும். ஆதலின் ஒரு நாளைக்கு முன்னரே போத்தலை நிமிர்த்தி வைப்பர். பின்னர் தக்கையை அகற்றி, போத்தலின் கழுத்துக்குப் பின்னால் மெழுகுதிரி ஒன்றை ஏற்றிவைத்து, தெளிவை மட்டும் வேறொரு கண்ணாடிக் குடுவையில் மெல்ல வடிப்பர். கலங்கல் கழுத்தை எட்டியதும் நிறுத்திவிடுவர். அடுத்து, கிண்ணத்தை வெண்டுகிலின் மேற் சரித்துப் பிடித்து நிறம் பார்ப்பர். இளமையில் ஊதா கலந்த செம்மையாயிருந்த வைன், வயதேற ஏற, விளிம்பிலே செங்கல்லின் நிறத்தைப் பெறும். முந்திரிகைத் தோலிலிருந்து வந்த நிறப்பொருள்களும் தனின் எனப்படும் துவர்ப்புப் பொருள்களும் ஆண்டுக்கணக்கில் ஒன்றோடொன்று பிணைந்து பெரிய மூலக்கூறுகளாகி ஈற்றில் அடியிற் படிவதே இம்மாற்றத்துக்குக் காரணம். மண்டி என்பது அதன் எச்சமே.

நிறத்தின் பின்னர் மணம். இளம் வைனில் மேலோங்கி நின்ற பழமணம் அடங்கி, சீடர் மரம், பதனிட்ட தோல், ஈரச் சருகு, காளான், புகையிலை ஆகியவற்றை நினைவூட்டும் மணங்கள் மேலெழும். புகையிலை என்றதும் யாழ்ப்பாணத்துப் புகையிலைக் குடில் நம் நினைவுக்கு வருதல் இயல்பு. அவர்கள் கருதுவதோ சுருட்டுப் பெட்டியைத் திறந்தவுடன் எழும் மென்மணத்தை. இறுதியாகவே வைன் வாய்க்குட் செல்கின்றது. புளிப்பும் துவர்ப்பும் தம்முள் இசைந்துள்ளனவா, விழுங்கிய பின்னர் சுவை எவ்வளவு நேரம் நிற்கின்றது என்பன கவனிக்கப்படும். அறுசுவையுள் ஒன்றாக நாம் எண்ணும் துவர்ப்பை மேனாட்டு உடலியலாளர் பலர் சுவையாகக் கொள்ளாது, தொடுவுணர்ச்சியின் பாற்படுத்துவர். முதிர்ந்த வைனைப் பட்டுக்கு ஒப்பிடும் அவர்தம் வழக்கு இதனோடு பொருந்துவதே.

இவையாவும் மெய்யான மாற்றங்கள், கற்பனையல்ல. எனினும், வைன் முதிர்ந்தால் மேம்படும் என்ற எண்ணமே போர்தோவில் நெடுங்காலம் இருந்ததில்லை. பண்டை உரோமர் பழைய வைனைப் போற்றினர். யவனர் கலத்தில் தமிழகத்துக்கு வந்த தேறல் புறநானூற்றிலும் இடம்பெறுகின்றது. ஆனால் மூடிய சாடிகள் வழக்கொழிந்து, மரப் பீப்பாய்கள் வந்த பின்னர், காற்றுப்பட்டுப் புளிக்கும் வைனை ஓராண்டுக்குமேல் வைத்திருத்தல் அரிதாயிற்று. 1152இல் அக்குவித்தேன் கோமகள் எலினோர், இரண்டாண்டுகளின் பின் இங்கிலாந்தின் அரசனான ஹென்றியை மணந்ததனால், 1453இல் நிகழ்ந்த கஸ்தியோன் போர் வரை போர்தோ ஆங்கில முடியின் கீழ் இருந்தது. அம்மூன்று நூற்றாண்டுகளிலும் கப்பல் கப்பலாக இங்கிலாந்து சென்ற வைன், இன்றைய கருஞ்சிவப்பு வைன் அன்று. வெளிறிய நிறமுடைய இளம் வைன். புதிய வைனுக்கே விலை அதிகம். அடுத்த அறுவடையின் வைன் துறைமுகத்தை அடைந்ததும் பழையது மலிந்துவிடும். இன்று தலைகீழாக இருக்கும் ஒரு மதிப்பீடு இது என்பது மனங்கொள்ளற்பாலது.

மாற்றம் பதினேழாம் நூற்றாண்டிலே தொடங்குகின்றது. போர்தோ நீதிமன்றத்தின் தலைவராயிருந்த ஆர்னோ த பொந்தாக் என்பார், ஓ-பிரியோன் என்னும் தமது தோட்டத்தின் வைனைத் தனிப்பெயரோடு இலண்டனில் விற்க முற்பட்டார். இங்கிலாந்து மன்னன் இரண்டாம் சாள்ஸின் நிலவறைக் கணக்கில் 1660இலேயே அப்பெயர் காணப்படுகின்றது. 1663 ஏப்ரலில் சாமுவேல் பீப்ஸ் அதனை இலண்டன் மதுச்சாலையொன்றில் அருந்தி, தாம் முன்னர் எங்கும் அறியாத தனிச்சுவையுடையதெனத் தம் நாட்குறிப்பிற் பெயரைப் பிழையாக எழுதிவைத்தார். 1677இல் மெய்யியலாளர் ஜோன் லொக் அத்தோட்டத்துக்கே சென்று, வேறெதுவும் விளையாதெனத் தோன்றும் வெண்மணலும் பரற்கற்களும் கலந்த நிலத்தைக் கண்டு வியந்தார். வைனின் சுவையை அது விளைந்த மண்ணோடு இணைத்துப் பேசும் வழக்கின் தொடக்கங்களுள் ஒன்றாக இதனைக் கருதலாம்.

இதனோடு வரியையும் சேர்த்து நோக்குதல் வேண்டும். பிரான்சுடன் ஓயாது போரிட்ட இங்கிலாந்து, பிரெஞ்சு வைன்மீது கடுந்தீர்வை விதித்தது. 1703இன் மெதுவென் உடன்படிக்கை போர்த்துக்கேய வைனுக்குச் சலுகை அளித்தது. தீர்வை விலைக்கேற்ப அன்றி அளவுக்கேற்ப விதிக்கப்பட்டமையால், மலிவான பிரெஞ்சு வைனைக் கொணர்வதில் இலாபமில்லாது போயிற்று. விலையுயர்ந்த வைனே அச்சுமையைத் தாங்கவல்லதாயிற்று. சாதாரண மக்கள் போர்த்துக்கேய வைனுக்கு மாற, லஃபீற், மார்கோ, லற்றூர், ஓ-பிரியோன் ஆகியன பிரதம அமைச்சர் றொபேட் வால்போல் போன்றோரின் மேசைக்குரியனவாயின. உயர்ந்த சுவை என்பது உயர்ந்த வர்க்கத்தோடு பிணைந்தமை இவ்வாறே. இக்காலத்திலேயே நிலக்கரி உலையில் வார்த்த உறுதியான ஆங்கிலக் கண்ணாடிப் போத்தலும் தக்கையும் பரவின. பீப்பாயினுள் கந்தகத்திரி எரித்துத் தூய்மைப்படுத்தும் முறையை ஒல்லாந்தர் பரப்பியிருந்தனர். போத்தல் உருளை வடிவம் பெற்று, கிடையாக அடுக்கத்தக்கதாகியதும், வைன் காற்றின்றி ஆண்டுக்கணக்கில் உறங்க இடம் கிடைத்தது. முதிர்ந்த போர்தோவின் சுவையை நாக்குக் கண்டுபிடிக்குமுன் கண்ணாடி உலை கண்டுபிடித்தது எனலாம்.

இனி, பேரேட்டிற்கு வருவோம். தோட்ட உடைமையாளருக்கும் ஏற்றுமதி வணிகருக்கும் இடையே நின்றவர்கள் தரகர்கள். ஆண்டுதோறும் தோட்டம் தோட்டமாகச் சென்று இளம் வைனைச் சுவைத்து, அது முதிர்ந்தால் எவ்வாறிருக்கும் என முன்னறிந்து விலை கூறுதல் அவர்தம் தொழில். அயர்லாந்திலிருந்து 1739இல் வந்து குடியேறிய ஏபிரகாம் லோட்டனும் அவர் வழிவந்தோரும் எழுதிவைத்த குறிப்பேடுகள் பொருளாதார வரலாற்றாசிரியர்க்குக் கிடைத்த புதையலாகும். 1787இல் போர்தோ வந்த தொமஸ் ஜெபர்சன், முதல்தரமானவை என மேற்கூறிய நான்கு தோட்டங்களையே குறிப்பிட்டார். அந்நால்வரிசையை அவர் தம் நாவினாற் கண்டாரெனக் கொள்வதற்கில்லை. அது வணிகர் வாயில் ஏலவே வழங்கிய வரிசை.

1855இல் மூன்றாம் நெப்போலியன் பாரிசில் நடத்திய உலகக் கண்காட்சிக்காகப் போர்தோ வணிகச் சபை தரகர்களிடம் தரப்பட்டியல் ஒன்றைக் கேட்டது. ஏப்ரல் 5ஆம் தேதி கடிதம் போயிற்று. 18ஆம் தேதி விடை வந்தது. பதின்மூன்று நாளில் ஏறத்தாழ அறுபது தோட்டங்கள் ஐந்து தரங்களாக வகுக்கப்பட்டன. எவரும் இதற்கென ஒரு கிண்ணத்தையும் உயர்த்தவில்லை. பல பத்தாண்டுகளாக ஒவ்வொரு தோட்டத்து வைனும் பெற்ற விலையே அளவுகோலாயிற்று. இதனை மோசடி எனக் கூறிவிடல் எளிது. ஆயினும் அவ்விலைகளுக்குப் பின்னால் தலைமுறை தலைமுறையாகத் தரகர் சுவைத்தறிந்த அனுபவம் இருந்ததென்பதையும் மறுக்கவியலாது. சிக்கல் வேறிடத்தில் உள்ளது. விலை தரத்தைத் தீர்மானித்த பின்னர், தரமே விலையைத் தீர்மானிக்கத் தொடங்கியது. அறுவடைக்கு அறுவடை மாறிய ஒன்று, கல்வெட்டுப்போல் உறைந்துபோயிற்று. 1855 செப்ரெம்பரில் கந்தெமெர்ல் சேர்க்கப்பட்டதும், பரோன் பிலிப் த றொத்சைல்டின் நெடிய முயற்சியின் பின் 1973இல் மூற்றோன் முதல்தரத்துக்கு உயர்த்தப்பட்டதுமே அதன்பின் நிகழ்ந்த குறிப்பிடத்தக்க மாற்றங்கள்.

அப்பேரேடுகளில் விலை குறிக்கப்பட்ட வைன், சந்தையை அடையும்போது தூய போர்தோ வைனாய் இருந்ததுமில்லை. ஆங்கிலேயர் கனத்த வைனை விரும்பியதால், போர்தோ நகரின் ஷாத்ரோன் பகுதி வணிகர் அதனோடு ஸ்பானிய வைனையும் றோன் பள்ளத்தாக்கின் எர்மித்தாஜ் வைனையும் கலந்து அனுப்பினர். இது மறைவாய்ச் செய்யப்பட்டதன்று. சில வேளைகளிற் சிறப்பாகவே கருதப்பட்டது. தோட்டத்திலேயே முழு விளைச்சலையும் போத்தலில் அடைக்கும் முறையை மூற்றோன் 1924இல் மேற்கொண்ட பின்னரே, பெயர்ச்சீட்டுக்கும் உள்ளிருப்பதற்கும் உள்ள உறவு உறுதிப்படலாயிற்று.

இருபதாம் நூற்றாண்டில் இம்மதிப்பீடு எழுத்துக்கலையாகவும் வளர்ந்தது. எடின்பரோப் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியப் பேராசிரியராயிருந்த ஜோர்ஜ் செயின்ற்ஸ்பெரி, ஐரோப்பியத் திறனாய்வினதும் இலக்கியச் சுவையினதும் வரலாற்றை எழுதிய அதே கையால் 1920இல் தம் நிலவறைக் குறிப்பேட்டையும் நூலாக்கினார். இலக்கியத்துக்கும் வைனுக்கும் அவர் ஒரே தோரணையில் தீர்ப்புக் கூறினார் என்பதில் வியப்பில்லை. இதற்கு எதிர்முனையில் நிற்பவர் போர்தோப் பல்கலைக்கழகத்தின் எமில் பேனோ. 1980இல் வெளிவந்த 'வைனின் சுவை' என்னும் நூலில், சுவைத்தலைப் பயிற்சியாற் கற்கத்தக்கதும் சோதிக்கத்தக்கதுமான ஓர் ஒழுங்காக அவர் வகுத்தார். நமது திறனாய்வாளர்க்கு இவ்விருவருள் செயின்ற்ஸ்பெரியே கூடுதலாகப் பழக்கமானவர்; பேனோவின் வழியே எமக்குக் கூடுதலாக வேண்டியது என்பது என் கருத்து.

சோதித்தால் என்ன நேரும் என்பதற்கு இரண்டு நிகழ்ச்சிகள் சான்று. 1976 மே 24ஆம் தேதி பாரிசில், ஸ்டீவன் ஸ்பரியர் என்னும் ஆங்கில வணிகர் பெயர்ச்சீட்டை மறைத்து வைன்களைப் பரிமாறினார். தீர்ப்பளித்த ஒன்பதின்மரும் பிரெஞ்சுக்காரர். 1970ஆம் ஆண்டு மூற்றோனையும் ஓ-பிரியோனையும் பின்தள்ளி, கலிபோர்னியாவின் 'ஸ்ராக்ஸ் லீப்' 1973 முதலிடம் பெற்றது. போர்தோ முதிரும்போதே தன் தகுதியைக் காட்டும் என்ற மறுப்பு உடனே எழுந்தது. நியாயமான மறுப்புத்தான். முப்பது ஆண்டுகளின் பின், 2006இல் அதே சிவப்பு வைன்கள் மீண்டும் சுவைக்கப்பட்டன. முதல் ஐந்து இடங்களும் கலிபோர்னியாவுக்கே சென்றன. மற்றையது, 2001இல் போர்தோ ஆய்வாளர் வெளியிட்ட பரிசோதனை. சுவையற்ற சாயத்தாற் சிவப்பாக்கிய வெள்ளை வைனை, வைனியல் பயிலும் 54 மாணவர் சிவப்பு வைனுக்குரிய சொற்களாலேயே வருணித்தனர். கண் பார்த்ததை மூக்கு முகர்ந்தது.

பெயரின் ஆற்றல் உச்சம் பெற்றது 1985இல். 'Th.J.' என்பதன் தமிழாக்கமான 'தொ.ஜெ.' என நாம் எழுதத்தக்க ஈரெழுத்துச் சுருக்கம் பொறித்த, 1787ஆம் ஆண்டு லஃபீற் எனப்பட்ட போத்தலொன்று, ஜெபர்சனுக்கு உரியதெனக் கூறப்பட்டு, அவ்வாண்டு திசெம்பர் 5ஆம் தேதி இலண்டன் கிறிஸ்ரீஸ் ஏலத்தில் 1,05,000 பவுணுக்கு விலைபோயிற்று. பின்னர் அது ஒளிவிளக்கின் கீழ் நிமிர்த்திக் காட்சிக்கு வைக்கப்பட, தக்கை உலர்ந்து உள்ளே வீழ்ந்தது. இத்தகைய போத்தல்கள் ஜெபர்சனுடையன என்பதற்கு அவரது விரிவான கணக்கேடுகளிற் சான்று கிடைக்கவில்லை. அவற்றுள் நான்கை வாங்கிய அமெரிக்கச் செல்வந்தர் பில் கோக் நியமித்த வல்லுநர், அவ்வெழுத்துகள் மின்கருவியாற் பொறிக்கப்பட்டனவெனக் கூறினர். இருநூறாண்டு வயதுடைய லஃபீற் எவ்வாறு சுவைக்கவேண்டும் என்பதற்கு ஒப்பிட்டுப் பார்க்க எவர் நாவிலும் நினைவு இல்லை. எனவே போர்தோ இயற்பியலாளர் பிலிப் யுபேரிடம் போத்தல் கொண்டுசெல்லப்பட்டது. அணுக்குண்டுச் சோதனைகளுக்குப் பிந்திய முந்திரிகையில் மட்டுமே காணப்படும் சீசியம்-137இன் கதிர்களை, தக்கையைத் திறவாது கண்ணாடிக்கு வெளியிலிருந்தே அளப்பது அவரது முறை. சீசியம் தென்படவில்லை. வைன் அணுயுகத்துக்கு முற்பட்டது என்பதற்கு மேல் அச்சோதனை எதுவும் கூறவில்லை.