குட்டியா, பிள்ளையா?

தொல்காப்பிய மரபியல் மூன்று வரி அணிலை எலியோடும் வெருகுப் பூனையோடும் சேர்த்து, அதன் இளமைக்குக் ‘குட்டி’ என்று பெயர் வகுக்கிறது. ‘பறழ்’ என்றாலும் தவறில்லையாம். நம் வீடுகளிலோ அது அணிற்பிள்ளை.

ஏன் பிள்ளை என்பது 1994 ஐப்பசி மழையில்தான் எனக்குப் புரிந்தது. தென்னையிலிருந்து கூடு விழுந்தது. கண் திறவாத இரண்டு. மாலைவரை பார்த்தோம், தாய் வரவில்லை. சில்லிட்டுக் கிடந்தவற்றுக்கு அவசரப்பட்டுப் பசும்பால் புகட்டினேன். விடிவதற்குள் ஒன்று போய்விட்டது.

“முதலில் உடம்பு சூடாகணும், அப்புறம்தான் பால். அதுவும் பசும்பால் ஆகாது” என்றார் கால்நடை மருத்துவர். மற்றதைப் பழைய வேட்டியில் சுற்றி, வெந்நீர்ப் புட்டியருகே வைத்து, அவர் சொன்ன பால்மாவை இங்க் ஃபில்லரால் 2 மணிக்கொரு தரம் சொட்டுச் சொட்டாகக் கொடுத்தாள் என் மனைவி. மூன்று மாதத்தில் தென்னையேறிப் போயிற்று.

இலக்கணம் குட்டி என்னட்டும். இரவெல்லாம் விழித்தவளுக்கு அது பிள்ளைதான்.